அணு ஆயுதம் நம்மைக் காக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1945-க்குப் பிறகு வல்லரசுகள் நேருக்கு நேர் போரிடவில்லை. இது அணுகுண்டின் சாதனைதானே?

பதில்: அதற்குப் பங்கு உண்டு, மறுக்கமாட்டேன். 1962-ல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைத்ததால் வந்த நெருக்கடியில் அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் இறங்கிவந்ததில் அந்தப் பயம் பெரிய காரணம். ஆனால் முழுப் பெருமையையும் குண்டுக்கே கொடுத்துவிட முடியாது. இரண்டு உலகப் போர்களில் பட்ட அடியும் யாருக்கும் மறக்கவில்லை. நடக்காத போருக்குக் காரணம் சொல்வது அவ்வளவு லேசான வேலை இல்லை.

கேள்வி: அணு ஆயுத நாட்டோடு யாரும் மோதமாட்டார்கள் என்கிறார்களே, சார்?

பதில்: மோதியிருக்கிறார்கள். 1982-ல் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது பிரிட்டனிடம் அணுகுண்டு இருந்தது. 1999-ல் கார்கிலில் இரண்டு பக்கமும் இருந்தது. 'இந்தச் சின்ன விஷயத்துக்குக் குண்டு போடவா போகிறார்கள்' என்ற துணிச்சலைக்கூட அது சில சமயம் தந்துவிடுகிறது.

கேள்வி: போடப் போவதில்லை, மிரட்டத்தானே வைத்திருக்கிறார்கள்? அதில் என்ன தப்பு?

பதில்: எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். பிரிட்டனில் புதிதாக வரும் பிரதமர் தன் கைப்பட நான்கு கடிதங்கள் எழுதவேண்டும். அணு ஏவுகணை தாங்கிய நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் ஆளுக்கொன்று. அணுத் தாக்குதலில் அரசே அழிந்துபோனால்தான் கப்பலின் தளபதி அதைப் பிரிக்கலாம். பதிலடி கொடு என்று எழுதியிருக்கிறதா, வேண்டாம் என்றா என்பது வெளியே தெரியாது. பிரதமர் மாறினால் பிரிக்காமலே அழித்துவிடுவார்கள்.

அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் நேரத்தில் காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கும்? பதிலுக்குக் குண்டு போட்டால் அந்த ஊர்க் குழந்தைகள் சாவார்கள், இந்த ஊர்க் குழந்தை ஒன்றுகூடத் திரும்பி வராது. ஆனாலும் 'போட்டுவிடுவார்கள்' என்று எதிரி நம்பினால்தான் மிரட்டல் பலிக்கும். பிரதமர் மனசுக்குள் வேறு முடிவு வைத்திருக்கலாம். கப்பலில் இருப்பவர்களோ நிஜமாகவே ஏவுவதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள். ஒரு பாவமும் அறியாத லட்சக்கணக்கானவர்களைக் கொல்ல எப்போதும் தயாராக இருப்பது, குண்டு விழாவிட்டாலும் தப்புதான். அதனால் கிடைக்கும் அமைதியும் பொய்யில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சுமக்கவேண்டியிருக்கிறது.

கேள்வி: தவறுதலாகப் போர் மூண்டுவிட வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. 1980 ஜூன் மாதம் சோவியத் ஏவுகணைகள் பறந்து வருவதாக அமெரிக்க ராணுவத் திரைகள் காட்டின. குண்டுவீச்சு விமானங்கள் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தன. நல்லவேளை, திரைக்குத் திரை எண்ணிக்கை மாறியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். பழுதானது வெறும் 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப். பயத்தை நம்பி நிற்கும் ஏற்பாட்டில் இயந்திரம் ஒருமுறைகூடப் பிசகக்கூடாது, மனிதர் ஒருமுறைகூடப் பதறக்கூடாது. எத்தனை தலைமுறைக்கு இது நடக்கும்?

கேள்வி: உக்ரைன் குண்டுகளை விட்டுக்கொடுத்ததால்தானே இந்தக் கதி?

பதில்: குண்டுகளை விட்டுக்கொடுத்த உக்ரைனின் எல்லையை மதிப்போம் என்று 1994 புடாபெஸ்ட் உடன்பாட்டில் தந்த வாக்கை ரஷ்யா மீறியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சோவியத் காலத்தில் அங்கே வைத்த அந்த ஆயுதங்களை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது. உக்ரைன் அரசு நினைத்தபோது எடுத்து வீசக்கூடியவை அல்ல அவை.

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: 1996-ல் சர்வதேச நீதிமன்றம், அணு ஆயுதப் பயன்பாடும் மிரட்டலும் பொதுவாகப் போர்ச் சட்டத்துக்கு விரோதம் என்றது. நாடே பிழைக்குமா என்ற நிலையில் தற்காப்புக்காக என்றால், முடிவு சொல்ல முடியவில்லை என்று நிறுத்திக்கொண்டது.

கேள்வி: சரி, நாளைக்கே எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பதில்: ஒரு நாடு மட்டும் அழித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் தென்னாப்பிரிக்கா தானே செய்த 6 குண்டுகளைத் தானே கழற்றிப் போட்டது. அதுவரை போகத் தயங்கும் நாடுகள்கூட, சீனாவும் இந்தியாவும் சொன்னதுபோல 'முதலில் பயன்படுத்தமாட்டோம்' என்று அறிவிக்கலாம். சில நிமிடங்களில் ஏவும் நிலையில் இருக்கும் ஏவுகணைகளிலிருந்து குண்டுகளைக் கழற்றித் தனியே வைக்கலாம். திரையில் வரும் எச்சரிக்கை நிஜமா என்று பார்க்க அப்போதாவது நேரம் கிடைக்கும்.