எழுத்தில் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நூற்பாலையில் இரண்டாம் ஷிப்டு முடித்து இரவு ஒரு மணி அளவில் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும்போது சோதனைக்காக நிறுத்தினார்கள். உரிமத்தையும் ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்த பிறகு, கைப்பேசியின் பூட்டைத் திறக்கச் சொல்லி, வாட்ஸ்அப் உரையாடல்களையும் புகைப்படங்களையும் ஒரு காவலர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். என் மனைவியின் படங்களும் அதில் இருந்தன. மறுக்க எனக்கு உரிமை உண்டா?
– மில் தொழிலாளி, திருப்பூர் மாவட்டம்

பதில்: உண்டு. வாகனத்தை நிறுத்தவும், ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு ஆகியவற்றைக் காட்டச் சொல்லவும் மோட்டார் வாகனச் சட்டம் அதிகாரம் தருகிறது. சாலையில் போகிறவரின் கைப்பேசியைத் திறந்து உள்ளே துழாவும் அதிகாரத்தை அந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்றோ ஒரு குற்றத்தோடு தொடர்புடையது என்றோ சந்தேகம் எழும்போது ஒரு பொருளைக் காவலர் கைப்பற்றலாம். அப்போதும் கைப்பற்றிய பொருளுக்குப் பட்டியல் எழுத வேண்டும். 105ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு நடந்ததில் வழக்கும் இல்லை, பட்டியலும் இல்லை, பதிவும் இல்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் அதற்கென்று ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டவும் கூடாது. உங்கள் மனைவியின் படங்களைப் பார்த்ததற்கு இந்த மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருப்பது வேறு, ஆளரவமற்ற சாலையில் நள்ளிரவில் அதைச் சொல்வது வேறு என்பதை அறிந்துதான் எழுதுகிறேன். குரலை உயர்த்தாமல், "எந்த வழக்குக்காக, எந்தப் பிரிவின்படி பார்க்கிறீர்கள் ஐயா? எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேலும் வற்புறுத்தினால் மல்லுக்கு நிற்க வேண்டாம். இடம், நேரம், ரோந்து வாகனத்தின் எண், சட்டையில் இருக்கும் பெயர்ப்பட்டை ஆகியவற்றை மனத்தில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் தாளில் எழுதிவிடுங்கள். மறுநாள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் விரைவு அஞ்சலில் புகார் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: தவறு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்? காவல் துறைக்கும் அரசுக்கும் கட்டுப்பாடு விதித்துக்கொண்டே போனால் குற்றவாளிகளுக்குத்தானே கொண்டாட்டம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: தங்கள் கவலையை மதிக்கிறேன், ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. யார் தவறு செய்தவர் என்பது விசாரணையின் முடிவில் தெரிவது. அதிகாரம் பாய்வதோ தொடக்கத்திலேயே. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம், லஞ்சப் புகார் ஒன்றில் 2011இல் பிறப்பிக்கப்பட்ட தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இருந்தால் மட்டுமே ஒட்டுக்கேட்கலாம் என்பது சட்டம். குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்ற காரணம் அதற்குப் போதாது என்றது நீதிமன்றம். ஒட்டுக்கேட்ட பதிவுகள், இத்தகைய ஆணைகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவில்லை என்பதும் அங்கே வெளிப்பட்டது. லஞ்சத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் தங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பதினான்கு ஆண்டுகள் கழித்தே ரத்தான இதுபோன்ற ஓர் ஆணை, நாளை எந்தத் தவறும் செய்யாத ஓர் ஆசிரியரின் தொலைபேசி மீதும் பிறப்பிக்கப்படலாம். அவருக்கு அது தெரியக்கூட வராது.

கேள்வி: எங்கள் தெருவில் மூன்று மாதமாகச் சாக்கடை வழிந்தோடுவதைப் படம் பிடித்து, வார்டு உறுப்பினரைக் கண்டித்து முகநூலில் எழுதினேன். மறுநாள் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, "சும்மா ஒரு விசாரணைதான், வந்துட்டுப் போங்கம்மா" என்கிறார்கள். எனக்கு 63 வயது. போகத்தான் வேண்டுமா?
– குடும்பத் தலைவி, வேலூர்

பதில்: வேண்டியதில்லை, அம்மா. சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால், முதல் பதிலில் சொன்ன நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் அழைக்க வேண்டும். அப்படி அழைத்தாலும், பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. பெண் என்ற வகையில் தங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவராகக் கருதினால் அதே சட்டத்தின் 35(3)ஆம் பிரிவின்படி அறிவிப்பு தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது. ஆகவே, மீண்டும் அழைத்தால், "எழுத்து மூலம் அனுப்புங்கள், என் வீட்டில் வைத்து விசாரியுங்கள்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு தலைவரின் மறைவையொட்டி நடந்த கடையடைப்பைப் பற்றி முகநூலில் எழுதியதற்காக ஒரு பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்டதற்காக அவருடைய தோழியும் கைது செய்யப்பட்டார்கள். அதையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில்தான் 2015 மார்ச் 24 அன்று, இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் முழுமையாக நீக்கியது. நீக்கப்பட்ட பிறகும் சில மாநிலங்களில் அதே பிரிவின் கீழ் வழக்குப் பதிந்துகொண்டிருந்ததை 2021இல் அந்த நீதிமன்றமே அதிர்ச்சியோடு குறிப்பிட்டது. எந்தப் பிரிவு என்று கேட்க வேண்டும் என நான் ஒவ்வொரு முறையும் வற்புறுத்துவது இதனால்தான்.

தாங்கள் பதிவிட்ட படத்தை நீக்க வேண்டாம். சாக்கடையைப் பற்றி மாநகராட்சி ஆணையருக்குத் தனியே ஒரு மனுவும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிம் கார்டு வாங்க ஆதார் கட்டாயமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: இல்லை. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. தாமாக விரும்பித் தரலாம். மறுத்தால் வேறு அடையாளச் சான்றை ஏற்க வேண்டும்.

கேள்வி: அடிதடி வழக்கில் கைதான என் தம்பிக்கு ஜாமீன் கிடைக்கும் என்று வழக்கறிஞர் சொன்ன வாரத்திலேயே குண்டர் சட்டத்தில் அடைத்துவிட்டார்கள். சிறையில் அவனிடம் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஓராண்டு அப்படியே இருக்க வேண்டியதுதானா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நாம் குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் தமிழ்நாடு சட்டம், குற்றம் நிரூபிக்கப்படாமலே, இனிமேல் செய்யக்கூடும் என்ற கணிப்பில் ஒருவரை 12 மாதம் வரை அடைத்து வைக்க வழி செய்கிறது. மாவட்டங்களில் ஆட்சியரும் மாநகரங்களில் காவல் ஆணையரும் ஆணையிடுகிறார்கள். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. தனிமனித சுதந்திரத்தை இவ்வளவு எளிதாகப் பறிக்கும் சட்டம் சாதாரண அடிதடிக்குப் பயன்படுவது என்னை மிகவும் வருத்துகிறது. ஜாமீனில் வந்துவிடுவார் என்பது மட்டுமே தடுப்புக் காவலுக்குக் காரணமாகாது, பொது ஒழுங்கே குலையும் நிலை இருக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தெலங்கானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

அந்தத் தடித்த புத்தகம்தான் இப்போது உங்கள் தம்பியின் பிடிமானம். அடைத்ததற்கான காரணங்களைத் தெரிவித்து, அதற்கு எதிராக முறையீடு செய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22(5)ஆம் கூறு. முதல் தகவல் அறிக்கை, மருத்துவக் குறிப்பு, ரிமாண்டு ஆணை எல்லாம் அந்தப் புத்தகத்தில் நகலாக இருக்கும். நான் புரட்டிய அப்படியொரு புத்தகத்தில், காயச் சான்றிதழ் இருந்த பக்கம் நகலின் நகலாகக் கறுத்துப்போய், மருத்துவரின் கையெழுத்துக்குக் கீழே ஒரு சொல்லையும் படிக்க முடியவில்லை. இரண்டு பக்கம் தள்ளி, ஆங்கிலத்தில் இருந்த ஓர் ஆணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பே இல்லை. படிக்க முடியாத பக்கம், மொழிபெயர்ப்பு இல்லாத பக்கம், முறையீட்டைப் பரிசீலிப்பதில் ஏற்பட்ட தாமதம் ஆகிய இந்தக் காரணங்களுக்காகவே சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும் எத்தனையோ தடுப்புக் காவல் ஆணைகளை ரத்து செய்திருக்கின்றன.

அடுத்த முறை சிறையில் பார்க்கும்போது தம்பியிடம், படிக்க முடியாத பக்கங்களையும் ஆங்கிலப் பக்கங்களையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அரசுக்கும் ஆணை பிறப்பித்தவருக்கும் முறையீட்டை உடனே அனுப்புங்கள், தேதி முக்கியம். பிறகு மதுரைக் கிளையில், காவல் சட்டப்படி செல்லாது என்று விடுதலை கோரும் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.