கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறேன். கடைக் கம்ப்யூட்டர் 2017-ல் வாங்கியது. டேலி, ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் அதில்தான். ‘விண்டோஸ் 10 காலிண்ணே, இனிமே ஜிஎஸ்டி சைட்டே திறக்காது, புதுசு போட்டா 52,000 ஆகும்’ என்கிறார் சர்வீஸ் தம்பி. என் மகனோ ‘விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா பைசா செலவில்லப்பா’ என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ரெண்டு பேர் பேச்சிலும் பாதியைக் கேளுங்கள்.

ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் ஓடுகிற சமாச்சாரம். உங்கள் விண்டோஸ் எந்தக் காலத்தது என்று பார்த்துக் கதவை மூடாது. சர்வீஸ் தம்பி சொன்னதில் உண்மை இவ்வளவுதான்: 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. மெஷின் எப்போதும்போல ஆன் ஆகும், டேலி திறக்கும், பிரின்டர் கரகரவென்று பில் அடிக்கும். ஆனால் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது. பேங்க் பாஸ்வேர்டு தட்டுகிற மெஷினுக்கு இது லேசான விஷயமில்லை.

இதே கம்பெனியின் ஊழியர் ஒருவர்தான் 2015-ல் மேடையேறி, விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்றார். ஆறே வருடத்தில் 11 வந்தது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்று நிபந்தனை வேறு. உங்கள் மெஷின் தேறுமா என்று பார்க்க செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போங்கள். அங்கே பிராசஸர் பெயர் ஐ5-7400 என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 7-தான் தலைமுறை. 8400 என்றால் எட்டு. 10400, 12400 என்று ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டு இலக்கம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்து, நன்றாக உழைக்கிற இத்தனை மெஷின்களைக் குப்பைக்கு அனுப்புவதைப் பாதுகாப்பு என்று மட்டும் சொன்னால் எனக்கு முழுசாக நம்பத் தோன்றவில்லை. விற்பனையும் அதில் இருக்கிறது.

வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர் என்றால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதோடு சிங்க் செய்தால் இலவசம். வேண்டாம் என்றால் 30 டாலர். வியாபாரத்துக்கு என்றால் வேறு கணக்கு: ஒரு மெஷினுக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பாகும், அதிகபட்சம் மூன்று வருடம். அதையும் அவர்களுடைய அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் மூலமாக வாங்க வேண்டும். நம்ம ஊர் சின்னக் கடைக்காரர் அந்த வாசலில் நிற்பதற்குள் அடுத்த ஆடிப்பண்டிகை வந்துவிடும்.

மகனிடம் சொல்லுங்கள்: லினக்ஸ் நல்ல பொருள், எனக்கும் பிடிக்கும். ஆனால் டேலி அதில் நேரடியாக ஓடாது. ஏதேதோ செய்து ஓட வைக்கலாம்தான். மார்ச் கடைசியில் ஆடிட்டர் போனில் நிற்கும்போது அந்த ‘ஏதேதோ’ நின்றுபோனால் பிள்ளை காலேஜில் இருப்பான், நீங்கள் கல்லாவில் இருப்பீர்கள். அதனால் உங்கள் மெஷின் 11-க்குத் தேறாவிட்டால், அதில் லினக்ஸ் மின்ட் போட்டு அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

கடைக்கு எட்டாவது தலைமுறை அல்லது அதற்கு மேல், எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்ட ரீஃபர்பிஷ்ட் (பழையதைச் சரிசெய்து விற்கிற) டெஸ்க்டாப் ஒன்று போதும். டேலிக்கு 52,000 ரூபாய் மெஷின் எதற்கு? ராம் என்ற மெமரி உள்ளேயே இருக்கும்படி வாங்குங்கள், ‘அப்புறமா போட்டுக்கலாம்ணே’ என்றால் சம்மதிக்காதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை ஏறிக்கிடக்கிறது. மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல் என்ற தன் சில்லறை பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

செகண்ட்ஸ் கடையில் ‘ஐ7 சார்’ என்றதும் மயங்க வேண்டாம். ஐ7-3770 வந்தது 2012-ல். 2017-ல் வந்த ஐ3-8100-இல் விண்டோஸ் 11 ஏறும், அந்த ஐ7-இல் முறைப்படி ஏறாது. பில்லில் மெஷினின் சீரியல் நம்பரும், எத்தனை மாத வாரண்டி என்பதும் எழுதியிருக்க வேண்டும். விண்டோஸ் லைசென்ஸ் உண்டா என்று கேளுங்கள். ‘ஆக்டிவேட் பண்ணித் தர்றோம்’ என்று பதில் வந்தால் அது லைசென்ஸ் இல்லை.

கேள்வி: அஸ்தம்பட்டி பக்கம் ஒரு ஷோரூமில் மௌஸ் வாங்கினேன். போன் நம்பர் கொடுத்தால்தான் பில் வரும் என்றார்கள். சட்டமா இது?

பதில்: இல்லை. நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ‘நம்பர் தர்றதில்லைங்க, பேப்பர் பில் குடுங்க’ என்று சொல்லிவிட்டு அசையாமல் நில்லுங்கள். பின்னால் வரிசை நீண்டால் பில் தானாக வரும்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். போன சித்திரையில் ஒரே இடியில் ரூட்டர், டிவி, ரிசப்ஷன் கம்ப்யூட்டர் மூன்றும் போய்விட்டன. மின்னலுக்கு வாரண்டி கிடையாது என்கிறார்கள். நெட் ஃபைபர்தானே, அதில் எப்படி மின்னல் வரும்? எந்த ஸ்பைக் கார்டு வாங்கலாம்?

பதில்: வாரண்டி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரிதான். மின்னல், வோல்டேஜ் ஏற்றம் இரண்டையும் வாரண்டி அட்டையில் பொதுவாகவே விலக்கியிருப்பார்கள். அதில் சண்டை போட்டுப் பயனில்லை.

ஃபைபர் கண்ணாடி இழை, கரண்ட் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து உங்கள் கூரைக்கு வருகிற கறுப்பு ஒயரைக் கூர்ந்து பாருங்கள். பல இடங்களில் அது தொங்காமல் இருக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடும். அந்தக் கம்பி வீட்டுக்குள் ரூட்டர் வரை வரக் கூடாது, வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். அது போக மின்னலுக்கு ரூட்டரின் அடாப்டர் வழியாக ஒரு பாதை, டிவிக்கு டிஷ் ஒயர் இன்னொரு பாதை.

ஸ்பைக் கார்டு என்ற பெயரில் கடைகளில் தொங்குவதில் நிறைய வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான், சிவப்பு லைட் எரியும், அவ்வளவே. அட்டையில் எத்தனை ஜூல் தாங்கும் என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அதுவும் எர்த் சரியாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். மலையில் பாறை அதிகம், பல பழைய பங்களாக்களில் எர்த் என்பது பிளக்கில் இருக்கும் மூன்றாவது ஓட்டை மட்டும். முதல் செலவை எலக்ட்ரீஷியனுக்குச் செய்யுங்கள், எர்த் டெஸ்டர் கொண்டு வந்து அளந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு மெயின் போர்டில், திடீரென்று ஏறுகிற வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர். ஸ்பைக் கார்டு அதற்கும் அப்புறம்.

பக்கத்திலேயே விழுகிற இடிக்கு இவை எதுவும் உத்தரவாதம் இல்லை. வானம் கறுத்ததும் பிளக்கையும் டிஷ் ஒயரையும் பிடுங்கிவிடுவதுதான் நம்பகமான வழி, காசும் கிடையாது. கரண்ட் போனாலும் விருந்தாளிக்கு வைஃபை வேண்டும் என்றால் ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறது. ஒரு ரூட்டருக்காகப் பெரிய யுபிஎஸ் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: அயோத்தியாப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஆன்லைனில் கீபோர்டு வாங்கினேன். கேட்காமலே ‘பாதுகாப்புத் திட்டம்’ என்று 199 ரூபாய் சேர்ந்துவிட்டது. டிக் அவர்களே போட்டு வைத்திருந்தார்கள். 199-க்காக அலையணுமா?

பதில்: அலைய வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யலாம். தானாக டிக் போட்ட கட்டத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. கூடையில் தெரியாமல் பொருள் நுழைப்பதை 2023 நவம்பரில் வந்த ‘டார்க் பேட்டர்ன்’ வழிகாட்டுதல்கள் பெயர் சொல்லித் தடுத்திருக்கின்றன. அதில் மொத்தம் 13 தில்லுமுல்லு பட்டியலில் இருக்கிறது. ‘இன்னும் 2 மட்டுமே பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதில் ஒன்று.

முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலான கம்பெனிகள் 1915 என்றதும் பணத்தைத் திருப்பிவிடும். தராவிட்டால், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் கட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் பழக்கம் இன்றிலிருந்து வேண்டும்.

கேள்வி: சஞ்சார் சாத்தி ஆப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறார் எங்கள் மாமா, அரசாங்கம் வேவு பார்க்கும் என்கிறார் தம்பி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடே சண்டையில் முடிந்தது. நான் ஐந்து ரோட்டில் செகண்ட்ஸ் போன் வாங்கப் போகிறேன். போடட்டுமா, வேண்டாமா?

பதில்: மாமா சொல்வதும் தம்பி பயப்படுவதும் வேறு வேறு விஷயம். திருட்டுப் போனை முடக்க, உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்க, உருப்படியான கருவி அது. 2025 நவம்பர் கடைசியில், புது போன்களில் எல்லாம் இதைக் கட்டாயம் போட்டே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ஆம் தேதி வாபஸ் வாங்கியது. மருந்து நல்லதாகவே இருக்கட்டும், அதற்காக வாயைப் பிடித்து ஊற்றுவதா? நான் காசு கொடுத்து வாங்கிய போனில் எது இருக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன். இந்த விஷயத்தில் நான் தம்பி கட்சி. போன் கம்பெனிகள் திணிக்கிற ரம்மி ஆப்புக்கும் தம்பி இதே கோபத்தைக் காட்டினால் இன்னும் சந்தோஷம்.

உங்கள் வேலைக்கு ஆப் தேவையே இல்லை. கடையிலேயே அந்த போனில் *#06# தட்டுங்கள், ஐஎம்இஐ என்ற, அந்த போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். உங்கள் பழைய போனிலிருந்து கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். கையில் இருக்கும் போனும் பதிலில் வரும் மாடலும் வேறாக இருந்தாலோ, முடக்கப்பட்டது என்று வந்தாலோ, கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சரியாக இருந்தால் அதே எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லி, கடை முத்திரை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். முத்திரை இல்லை என்பார்கள், கல்லா டிராயரில்தான் இருக்கும்.