மளிகைக் கார்டுக்காக அம்மாவின் மெடிகேரை மாற்றலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு. அப்பா இங்கே வேலை பார்த்தவர் என்பதால் அம்மாவுக்கு மெடிகேர் (65 வயதானோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) கிடைத்தது. கூடவே மெடிகேர் கட்டாத மிச்சச் செலவை ஏற்கும் மெடிகேப் ஜி என்ற தனியார் பாலிசியும் வைத்திருக்கிறோம். மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜுக்கு மாறினால் மளிகை வாங்க மாதம் 150 டாலர் கார்டு தருவார்கள் என்று போன வாரம் யாரோ போனில் சொன்னாராம். அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். மாறலாமா?

பதில்: முதலில் ஒரு விஷயம். நீங்கள் கேட்காமலே கூப்பிட்டு இந்தத் திட்டங்களை விற்க ஏஜென்ட்டுகளுக்கு அனுமதி கிடையாது. அம்மா தன் மெடிகேர் எண்ணைச் சொல்லிவிட்டாரா என்று இன்றே கேளுங்கள்.

மளிகைக் கார்டு பொய் இல்லை. 2018-ல் வந்த சட்டத்தின்படி, 2020 முதல் தனியார் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் தீவிரமான நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு உணவுக்கும் பணம் தரலாம். 'தரலாம்' என்பதைக் கவனியுங்கள். எந்த நோய்க்கு, எவ்வளவு என்பதைத் திட்டமே வைக்கிறது. சர்க்கரை இருந்தால் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் அதிகம் என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு. மெடிகெய்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு காப்பீடு) சேர்த்து வைத்திருப்பவர்களுக்கான திட்டங்களில்தான் பெரிய தொகைகளை அதிகம் பார்க்கலாம். உங்கள் அம்மாவுக்கு மெடிகெய்ட் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை.

சரி, கார்டு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். பல திட்டங்களில் அந்த மாதத் தொகை அந்த மாதத்தோடு போய்விடும், பட்டியலில் உள்ள கடைகளில்தான் செல்லும். நீங்கள் பொன்னி அரிசியும் துவரம்பருப்பும் வாங்கும் கடை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம்.

இனி கணக்கு. 150 டாலர் வீதம் வருடத்துக்கு 1,800. மெடிகேப் பிரீமியமும் மிச்சமாகும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பார்ட் பி, அதாவது மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி, அதன் பிரீமியம் தொடரும். பெரும்பாலும் நெட்வொர்க் டாக்டர்களை, அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களைத்தான் பார்க்க வேண்டும், பல சிகிச்சைகளுக்கு முன்அனுமதி வேண்டும். உடம்பு மோசமான ஒரு வருடத்தில் கைக்காசு எவ்வளவு வரை போகலாம் தெரியுமா? 2026-ல் நெட்வொர்க்குக்குள் மட்டும் உச்சவரம்பு 9,250 டாலர். திட்டங்கள் இதைவிடக் குறைவாக வைக்கலாம், அதனால் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மெடிகேப் ஜி-யில் பார்ட் பி கழிவுத் தொகை (வருடத்தில் முதலில் நாமே கட்ட வேண்டியது) போனால் மெடிகேர் ஏற்கும் செலவில் பெரும்பாலும் ஒன்றும் கையிலிருந்து போகாது.

அப்புறம் ஊர்ப் பயணம். அம்மா வருடத்தில் சில மாதம் ஊருக்குப் போவாரா? தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் திட்டம் செயல்படும் பகுதிக்கு வெளியே இருந்தால் பல அட்வான்டேஜ் திட்டங்கள் பெயரை நீக்கிவிடும். மெடிகேப் ஜி-யோ, வெளிநாட்டுப் பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் கழிவுக்குப் பிறகு 80 சதவீதம் தரும்; வாழ்நாள் வரம்பு 50,000 டாலர்.

நான் மாற்றச் சொல்ல மாட்டேன். மாறிவிட்டுத் திரும்ப நினைத்தால், முதல்முறை மாறியவருக்கு 12 மாதம் வரை பழைய மெடிகேப் கேட்கும் உரிமை உண்டு. அதன்பின் நிறுவனம் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம். சர்க்கரைக்காரருக்கு அது சாதாரண அபாயம் இல்லை. அம்மா சமாதானமாகாவிட்டால், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான சேர்க்கைக் காலத்துக்கு முன் மாநிலத்தின் ஷிப் (SHIP) என்ற மெடிகேர் ஆலோசனைச் சேவையின் ஆலோசகரிடம் அவரையே பேச வையுங்கள். அது இலவசம், அவர்கள் எதையும் விற்பதில்லை.