தைத்த பூட்ஸின் அடி ஏன் லேசில் கழல்வதில்லை?

பசையில் ஒட்டிய சப்பாத்து ஹட்டன் மழைக்கு வாய் பிளந்துவிடுகிறதே, கனடாவின் வைபர்க் பூட்ஸ் மட்டும் எப்படி வருஷக்கணக்கில் உழைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வித்தியாசம் தையலில்தான். 1931இல் எட்வின் வைபர்க் தொடங்கிய குடும்பக் கம்பனி அது. கால் வடிவ அச்சின்மேல் தோலை இழுத்துப் போர்த்துவார்கள். வழக்கமாகத் தோலின் ஓரம் உள்ளே மடங்கிப் போகும். இங்கே வெளியே விரித்து, நடு அடித்தோலோடு சேர்த்துத் தைக்கிறார்கள். விரலால் தடவினால் அந்த விளிம்பு தட்டுப்படும். தண்ணீர் உள்ளே இறங்க வழி குறைவு.

எனக்குப் பெரிய விஷயம் வேறு: அடி தேய்ந்தால் தையலைப் பிரித்துப் புது அடி போடலாம். தேயிலைச் சரிவில் ஏறி இறங்குகிறவர்களுக்கு மேல்தோல் நன்றாக இருக்கும்போதே அடி போய்விடுகிறது.

நனைந்தால் அடுப்பருகே வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். பேப்பர் திணித்து நிழலில் காயவிடுங்கள்.