கானாவில் ஒன்பது நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: என் கணவர் கானாவின் தலைநகர் அக்ராவில் பணிபுரிகிறார். டிசம்பர் விடுமுறையில் நானும் 12 வயது மகளும் அங்கே போகிறோம். ஒன்பது நாள் கிடைக்கும். கோட்டை, காடு, யானை, கடற்கரை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: முதலில் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். சான்று இல்லாமல் இந்தியா திரும்பினாலும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். எல்லா மருத்துவமனைகளிலும் போடுவதில்லை. சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். டிக்கெட் எடுத்த கையோடு இதற்கும் நாள் வாங்கிவிடுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.

அக்ராவுக்கு ஒன்றரை நாள் போதும். 1957 மார்ச் 6 அன்று குவாமே நிக்ருமா விடுதலையை அறிவித்த இடத்தில் இருக்கும் அவருடைய நினைவிடம், பிறகு மகோலா சந்தை.

பெரும்பங்கு நாட்களைக் கேப் கோஸ்ட், எல்மினா பகுதிக்குக் கொடுங்கள். அக்ராவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஊரைத் தாண்டுவதற்குள் நெரிசல் நேரத்தைத் தின்றுவிடும் என்பதால் விடியற்காலையில் கிளம்புவது நல்லது. எல்மினா கோட்டையைப் போர்ச்சுக்கீசியர் 1482இல் கட்டினார்கள். தங்க வணிகத்துக்கென்று எழுந்தது, பிற்பாடு மனிதர்களை அடைத்துக் கப்பலேற்றும் கிடங்காகிவிட்டது. அடிமைப் பெண்கள் நிறுத்தப்பட்ட முற்றத்துக்கு நேர் மேலே ஆளுநரின் மாடம் இருக்கிறது. அது எதற்காக என்பதை வழிகாட்டி விளக்குவார். கேப் கோஸ்ட் கோட்டையில், ஆண்களை அடைத்த நிலவறைக்கு மேலேயே ஆங்கிலேயர் தேவாலயம் வைத்திருந்தார்கள். காற்று நுழையச் சிறு துவாரங்கள் மட்டுமே உள்ள அந்த அறையில் நின்றுவிட்டுப் படியேறி மேலே வந்தால், வழிபாடு நடந்த இடம்!

மகளை அழைத்துப் போகலாமா என்று தயங்காதீர்கள். அவசியம் அழைத்துப் போங்கள். முந்தின இரவே விஷயத்தைச் சொல்லித் தயார்ப்படுத்துங்கள். இரண்டு கோட்டைகளையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம், பெரியவர்களுக்கே மனம் தாங்காது. தம் முன்னோர் இங்கிருந்து கொண்டுபோகப்பட்டதை எண்ணி, அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் நிலவறையில் விம்மி அழுவதுண்டு. அங்கே கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே ஒரு காலையைக் ககும் மழைக்காட்டுக்கு ஒதுக்குங்கள். மரங்களுக்கிடையே ஏழு தொங்கு பாலங்கள், மொத்தம் சுமார் 350 மீட்டர்; சில இடங்களில் தரை 40 மீட்டர் கீழே. திறந்தவுடன் போய்விட்டால் கூட்டம் இருக்காது. விலங்குகளை எதிர்பார்க்க வேண்டாம், அந்த உயரமும் பறவைச் சத்தமுமே போதும். கடலில் மட்டும் குளிக்காதீர்கள். இந்தக் கரையில் நீரோட்டம் வலுவானது, நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

மீதமுள்ள நாட்களுக்குக் குமாசியா, மோலேயா? இரண்டில் ஒன்றுதான். குமாசி அசாந்தி மன்னர்களின் ஊர். அருகிலுள்ள போன்விரே கிராமத்தில் கெண்டே துணி நெய்கிறார்கள். மிதிக்கும் கயிற்றைக் கால்விரல் இடுக்கில் பற்றிக்கொண்டு, நான்கு அங்குல அகலப் பட்டைகளாக நெய்து, பிறகு பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பார்கள். மகளுக்கு யானைதான் ஆசை என்றால், வடக்கே இருக்கும் மோலே தேசியப் பூங்கா. அக்ராவிலிருந்து டமாலேக்கு விமானம், அங்கிருந்து சாலையில் இரண்டரை மணி நேரம்போல் ஆகும். சாலை வழியாகவே போவதென்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள் வீணாகும். டிசம்பர் வறண்ட காலம் என்பதால் யானைகள் நீர்நிலைகளைத் தேடி வரும். துப்பாக்கி ஏந்திய வனக்காவலருடன் நடந்தே போய்ப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், 12 வயதுக் குழந்தைக்கு மோலேதான்.

அப்போது சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற தூசிக் காற்று வீசும். தொண்டையும் உதடும் வறளும். முகக்கவசம் எடுத்துச் செல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு வாச்சே கிடைக்கும்: சோள இலை போட்டு வேகவைத்த, செந்நிறக் காராமணிச் சோறு. நீங்கள் சைவம் என்றால், அதனுடன் வரும் ஷிட்டோ என்ற கறுப்புத் தொக்கில் கருவாடும் இறாலும் இருக்கும். தட்டில் போடுவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.