ஜீப்பில் ஆயில் ஒழுகினால் உடனே எஞ்சினை இறக்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1991ஆம் ஆண்டு மகிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வரப் பயன்படுத்துகிறேன். இரவு நிறுத்திவைத்தால், காலையில் கிளட்ச் ஹவுசிங்குக்கு (எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள உறை) நேர்கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்கியிருக்கிறது. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, எஞ்சினை இறக்கியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். விரைவில் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். கசிவுள்ள வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணம் கொடுத்தால் தானே முடித்துத் தருவதாகத் தரகர் சொல்கிறார். இதை வீட்டிலேயே நான் சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஒரு வாரத்துக்கு எஞ்சினில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். ஆயில் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருப்பது அரிது. உங்கள் வண்டியிலுள்ள 2112 சிசி பியூஜோ டீசல் எஞ்சினில், மேல்மூடியான டேப்பட் கவரின் பின்மூலையில் பேக்கிங் (இடைவெளியை அடைக்கும் பட்டை) லேசாக விட்டுப்போனாலும், ஆயில் எஞ்சினின் பின்புறமாக வழிந்து, கிளட்ச் ஹவுசிங்கின் மேல் ஓடி, அடியில் வந்துதான் சொட்டும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது பின் சீல் கசிவாகவே தெரியும். மேலே டார்ச் அடித்துப் பார்க்காமல் எஞ்சினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

முதலில், சொட்டுவது எந்த ஆயில் என்று பாருங்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்து முகர்ந்து பார்த்தால் போதும். கறுப்பாகவும் இளக்கமாகவும் இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் பாக்ஸின் 90 கிரேடு ஆயில். அப்படியானால் பேச்சே வேறு, எஞ்சினுக்கும் இந்தக் கசிவுக்கும் தொடர்பில்லை.

எஞ்சின் ஆயில்தான் என்றால், செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் பாலித்தீன் தாளால் மூடிவிட்டு, ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயும் பெயிண்ட் பிரஷும் கொண்டு மேலிருந்து கீழ்வரை கழுவித் துடைத்து, முற்றிலும் காயவிடுங்கள். பிறகு டேப்பட் கவரின் ஓரம், ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், முன்பக்க டைமிங் கவர், சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) விளிம்பு ஆகியவற்றின் மேல் முகப் பவுடரை மெல்லிய படலமாகத் தூவி, எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போய், ஈரம் தொடங்கும் மிக உயரமான புள்ளியைக் கண்டுபிடியுங்கள், கசிவு அங்கேதான். ஃபேன் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளும் என்பதால், முன்பக்கத்தில் கசிவதும் பின்னால் வந்து நிற்கலாம்.

பேக்கிங் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் ப்ரீதரைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாயும் அதிலுள்ள கம்பி வலையும் கரி பிடித்து அடைத்திருந்தால், உள்ளழுத்தம் கூடி, நேற்றுப் போட்ட பேக்கிங்கைக்கூட மீறி ஆயில் வெளியே வரும். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவ ஒரு மணி நேரம் போதும். எனக்கு வரும் பழைய ஜீப்புகளில் பலவற்றின் கசிவு இதோடு நின்றுவிடுகிறது.

டேப்பட் கவர் பேக்கிங் மாற்றும்போது, கவரின் விளிம்பில் போல்ட் துளையைச் சுற்றி தகடு குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பலம் கொண்ட மட்டும் இறுக்கியதன் அடையாளம் அது. ஒரு மரக்கட்டையில் விளிம்பைப் படுக்கவைத்து, சிறு சுத்தியலால் தட்டிச் சமப்படுத்திய பிறகே கார்க் பேக்கிங்கை வையுங்கள். சிறிய ஸ்பேனரால், மாற்றி மாற்றி, கார்க் பிதுங்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ட்ரெயின் பிளக்கில் கசிவென்றால் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அது கிடைக்காவிட்டால், பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகிவிடும்.

சிலிக்கான் பேஸ்ட் விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அதை அள்ளிப் பூசாதீர்கள். வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது காய்ந்து பிய்ந்து சம்ப்பில் விழுந்து, ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையை அடைத்துவிடும். சம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது, அந்த வலை முழுக்க ரப்பர் புழுக்கள்போல் சிலிக்கான் துணுக்குகள் ஒட்டியிருந்த ஒரு எஞ்சினை நான் பார்த்திருக்கிறேன். பேரிங் அத்தனையும் தேய்ந்திருந்தது. சில நூறு ரூபாய் பேக்கிங் வேலைக்கு, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க்கையே பலி கொடுத்திருந்தார்கள். போலி பேக்கிங் செட்டை அசல் விலைக்குத் தள்ளிவிடும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். செட்டைப் பிரித்து, பழைய பேக்கிங்கின் மேல் வைத்துத் துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கும் நிலையும் உண்டு. ப்ரீதர் சுத்தம், மேலே எங்கும் ஈரமில்லை, ஆனால் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து எஞ்சின் ஆயில் வந்துகொண்டே இருக்கிறது, ஏற்றத்தில் கிளட்ச்சும் வழுக்குகிறது என்றால் பின் சீல் போயிருக்கிறது. அப்போதும் பல பட்டறைகளில் கியர் பாக்ஸைப் பின்னால் இழுத்தே வேலையை முடித்துவிடுகிறார்கள் என்பதால், அதைக் கேட்காமல் எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறது என்றால் மட்டும் நிலைமை வேறு. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன; எந்தப் பேக்கிங்கும் நிற்காது, எஞ்சின் வேலை தவிர்க்க முடியாது.

ஆர்.சி. விஷயம். காலாவதிக்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே படிவம் 25-இல் நீங்களே விண்ணப்பிக்கலாம். பதினைந்து வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாக நீட்டிப்புத் தருகிறார்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்க வசதி வந்த பிறகும், அலுவலக வாசலில் தரகர் இல்லாமல் ஒரு தாளும் நகராது என்று மக்களை நம்பவைத்திருக்கும் நிலையை என்னால் பொறுக்க முடியவில்லை. கசிவை நிறுத்தி, அடிப்பாகத்தைக் கழுவி, பிரேக்கையும் விளக்குகளையும் சரிபார்த்து வண்டியை நீங்களே ஓட்டிச் செல்லுங்கள். முந்தின இரவு அடியில் ஒரு அட்டையை விரித்துவையுங்கள். காலையில் ஓரிரு சொட்டுக்கு மேல் இல்லையென்றால், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்துக்கொண்டு தாராளமாக ஓட்டலாம்.