பனிக்கட்டிக்குள் மகரந்தம்: கேளுங்கள், சொல்கிறேன்

மரமே இல்லாத கிரீன்லாந்து பனிப்பாளத்துக்குள் மகரந்தம் எப்படிப் போனது?

காற்றில்தான். பைன் மகரந்தத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை உண்டு, ஆயிரம் கிலோமீட்டரெல்லாம் அதற்குச் சாதாரணம். விழுந்ததன் மேல் பனி பெய்து மூடும், அந்தப் பனி இறுகி ஐஸாகும், துகள் உள்ளேயே கிடக்கும். வெளிச்சுவர் ஸ்போரோபொலனின் என்ற பொருள், அமிலத்தில் போட்டாலும் லேசில் கரையாது.

ஒரு லிட்டர் உருக்கினால் எத்தனை கிடைக்கும்?

தலைவலியே இதுதான். ஏரிச்சேற்றில் ஒரு கன சென்டிமீட்டரிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும், துருவ ஐஸில் லிட்டருக்குச் சில துகள் கிடைத்தாலே சந்தோஷம். அதனால் பல வருஷத்து ஐஸைச் சேர்த்து உருக்க வேண்டிவரும், அப்போது வருஷக் கணக்கு மங்கிப்போகும். இவ்வளவு குறைவாக இருக்கும்போது வெளியிலிருந்து நாலு துகள் புகுந்தாலும் போச்சு. துளைத்தெடுத்த ஐஸ் உருளையின் வெளிப்பக்கத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்போம், கூடவே சுத்தமான தண்ணீரையும் அதே வடிகட்டியில் ஓட்டிப் பார்ப்போம். அந்தத் தண்ணீரிலும் மகரந்தம் தென்பட்டால் மாதிரியின் எண்ணிக்கையை நம்ப முடியாது.

எந்தச் செடி என்று எப்படித் தெரியும்?

துகளின் சுவரில் உள்ள துளையைப் பார்த்து. பிர்ச் மரத்துக்கு மூன்று, ஆல்டர் மரத்துக்குப் பெரும்பாலும் நாலைந்து, புல்லுக்கு ஒன்றே ஒன்று. ஆனால் எந்தப் புல் என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒரே உருண்டை.

அண்டார்டிகா ஐஸில் நோதோஃபேகஸ் மரத்தின் மகரந்தம் இருந்தால் அங்கே காடு இருந்ததாகத்தானே அர்த்தம்?

அவசரப்படாதீர்கள். அந்த மரம் இன்றும் தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில் இருக்கிறது, அங்கிருந்து பறந்து வந்திருக்கலாம். அண்டார்டிகாவிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அது வளர்ந்ததுதான், ஆனால் அந்தக் காலத்துப் பாறை அரிக்கப்பட்டுப் பழைய துகள் புதிய ஐஸில் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. துகள் நசுங்கியோ நிறம் கருத்தோ இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பாறையைத்தான். காலத்தை ஐஸ் நன்றாகச் சொல்லும், இடத்தைச் சொல்வதில் சுமார்தான். பைன் நிறைய இருந்தாலும் இதே கதை, அது மகரந்தத்தை அள்ளி வீசும் மரம், பூச்சியை நம்பும் செடிகள் கணக்கிலேயே வராது.

கிரீன்லாந்து ஐஸுக்கு அடியில் இலையே கிடைத்ததாமே?

ஆமாம், ஆனால் ஐஸுக்குள் அல்ல, அதற்குக் கீழே உறைந்திருந்த மண்ணில். 1966இல் கிரீன்லாந்தில் இருந்த அமெரிக்க ராணுவ முகாமான கேம்ப் செஞ்சுரியில் சுமார் 1,390 மீட்டர் துளைத்து எடுத்தது, பல காலம் மறந்து கிடந்தது. 2021இல் வெளியான ஆய்வில்தான் சுள்ளியும் இலையும் இருந்தது தெரிந்தது. பறந்து வந்த துகளைவிட அங்கேயே கிடந்த சுள்ளி எனக்குப் பெரிய சாட்சி.

இதற்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டுமா?

வேண்டாம். 400 மடங்கு பெரிதாக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பும் பொறுமையும் இருந்தால் போதும்.